ஸ்டாப் வயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்கத் தண்ணீர் பம்ப். மூன்று வந்தன, மூன்றுக்கும் ஒரே வியாதி. கயிற்றை இழுத்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிளக்கில் பொறி வரவில்லை. முதலாவதில் பிளக் கரி பிடித்துக் கிடந்தது. இரண்டாவதில் எலி வயரைக் கடித்திருந்தது. மூன்றாவதுதான் படுத்தியது. மேக்னட் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் குளவி மண்ணால் வீடு கட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறது. சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம்.

தம்பியும் நானும் இந்தக் கடையைப் போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. பெட்ரோல், பிஸ்டன், எண்ணெய் எல்லாம் அவன் பக்கம். பிளக், காயில், வயர், பேட்டரி என் பக்கம். இன்று பம்ப் கொண்டுவந்தவரிடம் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டான்: "எரியறது என் டிபார்ட்மென்ட். பத்த வைக்கிறது அக்கா டிபார்ட்மென்ட்." சாப்பாடு கொடுக்க வந்திருந்த என் வீட்டுக்காரர், "அது எனக்கு இருபத்தஞ்சு வருஷமா தெரியும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிட்டார். தையல் மிஷின் மிதிக்கிற ஆளுக்கு வாய் மட்டும் மோட்டார் போட்டது.

மார்ச் 6, வியாழன்

பள்ளிக்கூட மைதானத்துப் புல்வெட்டி. சூடானால் நின்றுபோகிறது. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் போய்விட்டது. புதுசு மாட்டி, மேக்னட்டுக்கும் அதற்கும் இடைவெளி ஒரு விசிட்டிங் கார்டு கனம் வைத்தேன். நடுவில் மகள் போன். அவள் வீட்டுக் குக்கர் ரப்பரைக் காணோமாம், எனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். சாயங்காலம் மிஷின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

நல்ல மழை. ஆறு எஞ்சின் வந்தது. ஆறுக்கும் பிளக் தொப்பியைத் துணியால் துடைத்ததே வைத்தியம்.

மார்ச் 17, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டு டீச்சர் போன் செய்தார். மைதானத்துக்காரருக்கு வலது கையில் அடிபட்டுவிட்டதாம். புல்வெட்டியில். வெள்ளிக்கிழமை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

அவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். மிஷினைக் கொண்டுவந்து போட்டால் பேசாமல் ஓரமாக நிற்பார். டீ கொடுத்தால் "இப்பத்தான் குடிச்சேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் குடிப்பார். மைதானத்தில் கோடு போட்ட மாதிரி வெட்டுவார், சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி இருக்கும்.

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஈரப் புல் அடைத்து எஞ்சின் தானாக நின்றிருக்கிறது. மிஷினைச் சாய்த்து, பிளேடில் சிக்கிய புல்லைக் கையால் இழுத்திருக்கிறார். பிளேடு சடாரென்று சுற்றிவிட்டது. ஸ்விட்சை அணைக்காமல் கையை விட்டது அவர் தப்பு என்று பள்ளி மேனேஜர் எழுதிவிட்டாராம். அப்படியானால் வைத்தியச் செலவு பள்ளிக்கூடம் பார்க்காது, வேலையும் சந்தேகம். "ஆனா அவரு அணைச்சேன்னு சொல்றாரு" என்றார் டீச்சர்.

அணைத்திருந்தால் எப்படிச் சுற்றும்?

எப்படிச் சுற்றும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 18, செவ்வாய்

மிஷினைச் சோதித்து அனுப்பச் சொல்லி மேனேஜர் கடைக்கே அனுப்பிவிட்டார். கழுவித்தான் அனுப்பியிருந்தார்கள். பிளேடு பளிச்சென்று இருந்தது. அதன் பக்கம் பார்க்காமல் மேல் மூடியைத் திறந்தேன். நாலு போல்ட்.

காயில் ஓரத்தில் சின்னதாக ஒரு தகட்டு நாக்கு உண்டு. ஸ்விட்சிலிருந்து வரும் கறுப்பு ஸ்டாப் வயர் அதில் சொருகியிருக்க வேண்டும். சொருகியிருக்கவில்லை. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தானாகக் கழன்ற வயர் இல்லை. சோதிக்கும்போது கழற்றி, எண்ணெய் படாமலிருக்க ஒரு மடிப்பு மடித்து ஓரமாக ஒதுக்குவேனே, அதே மடிப்பு.

என் கை மடிப்பு.

வீட்டு லைட்டில் வயர் கழன்றால் விளக்கு எரியாது. இந்தச் சின்ன எஞ்சினில் எல்லாம் தலைகீழ். ஸ்டாப் வயர் கழன்றால் எஞ்சின் நன்றாகவே ஓடும். நிறுத்தத்தான் முடியாது. ஸ்விட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் காயில் உயிரோடு இருக்கும். சூடான எஞ்சினின் பிளேடைக் கையால் அரைச் சுற்று சுற்றினால் போதும், ஒரே ஒரு பொறி, ஒரு உதை.

காயில் கெட்டதா வயர் கெட்டதா என்று பார்க்கக் கழற்றினேன். அது ஞாபகம் இருக்கிறது. திரும்பச் சொருகினேனா? ஆறாம் தேதி எழுதியதை எடுத்துப் பார்த்தேன். காயில் இருக்கிறது, விசிட்டிங் கார்டு இருக்கிறது, குக்கர் ரப்பர் கூட இருக்கிறது. வயர் இல்லை.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

"சொருகிடு" என்றான்.

"என்னடா சொல்ற?"

"சொருகிடுக்கா. ரெண்டு செகண்டு வேலை. மூடியை மாட்டு. நீ சொன்னா அவருக்கு விரல் முளைச்சிருமா? நம்ம கடைதான் போகும்."

அவனைக் கெட்டவன் என்று இங்கே எழுத மாட்டேன். அவனுக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். கையில் வயரை எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எடுத்து, அந்த நாக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொண்டுபோய்விட்டு, கீழே விட்டேன். போனில் படம் எடுத்தேன். அப்படியே மூடியை மாட்டினேன்.

மார்ச் 19, புதன்

வேலை ஓடவில்லை. ஒரு பிளக்கை மூன்று தடவை கழற்றி மூன்று தடவை மாட்டினேன்.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். "போய்ச் சொல்லு" என்றோ "வேணாம்" என்றோ சொல்லவில்லை. பழைய கதை ஒன்றைச் சொன்னார். கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டில் ஊசியை உள்ளேயே விட்டுவிட்டாராம். கூட்டத்துக்கு நடுவே மாப்பிள்ளை துள்ளிக் குதித்திருக்கிறார். இவர் வாயைத் திறக்கவில்லை. "அவரு இன்னைக்கும் தெருவில பாத்தா சிரிக்கிறாரு. எனக்குத்தான் பதிலுக்குச் சிரிக்க வரமாட்டேங்குது. ஊசிக்கே இந்தப் பாடு."

அப்புறம் நூலைக் கடித்துவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

போனேன்.

சந்துக்குள் மாடி வீடு, ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அது தாங்கவில்லை. அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மிஷின் கடை அக்காவா? அவரு சொல்லுவாரு" என்று சிரித்தார். உட்காரவே இல்லை நான். நின்றுகொண்டே சொன்னேன். வயரைக் கழற்றினது நான், மாட்டாம விட்டதும் நான். நீங்க அணைச்சீங்க. அது அணையல.

போனில் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். முகத்தில் கோபம் கூட இல்லை, வேறு என்னவோ. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அவர் மனைவிக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. புரிந்ததும் — "அப்ப ஒரு வயரு... ஒரு வயரை மாட்ட மறந்துட்டு இங்க வந்து நிக்கிறீங்களா? அவரு இனிமே சோத்தைப் பிசையறதுக்கு என்ன பண்ணுவாரு? போங்க. முதல்ல வெளிய போங்க."

போனேன். படியில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தது தப்பு.

மார்ச் 21, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது வரி. படத்தையும் சேர்த்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். கடிதத்தில் தம்பி பெயரை எழுதவில்லை. வேலை என்னுடையது.

கடைக்குத் திரும்பித் தம்பியிடம் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான். அவன் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மார்ச் 26, புதன்

மேனேஜர் பதில். இனி பள்ளிக்கூட மிஷின் எதுவும் நம் கடைக்கு வராது. மைதானத்துக்காரர் வைத்தியத்தைப் பள்ளிக்கூடம் ஏற்கும், வேலையிலும் இருக்கலாம்.

இரண்டு செய்தியும் ஒரே காகிதத்தில். இரண்டாவதைத்தான் முதலில் படித்தேன்.

தம்பி இன்றும் பேசவில்லை. டீ வந்தால் என் கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அதில் சர்க்கரை மட்டும் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இது நடந்ததை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

மைதானத்துக்காரர் கடைக்கு வந்தார். தம்பி வெளியே போயிருந்த நேரம். அதைப் பார்த்துத்தான் வந்தார் என்று பிறகு தோன்றியது. எப்போதும் நிற்கிற ஓரத்திலேயே நின்றார். கட்டு சின்னதாகியிருந்தது. டீ சொல்லட்டுமா என்றேன். இப்பத்தான் குடிச்சேன் என்றார். இருந்தும் டீ சொன்னேன்.

பாதி கிளாஸ் ஆனதும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஸ்விட்சு வேலை செய்யலன்னு. மிஷின் வந்த மறுநாளே தெரியும். ஒரு வாரமா சோக்கை இழுத்து, காத்தை அடைச்சுத்தான் நிறுத்திட்டிருந்தேன்."

கையிலிருந்த பிளக்கை மேஜையில் வைத்தேன்.

"ஏன் கொண்டுவரல?"

"திங்கக்கிழமை போட்டி இருந்துச்சு. மிஷினை இங்க விட்டா ரெண்டு நாள் ஆகும். புல்லு முட்டி உசரம். போட்டி முடியட்டும்னு நெனச்சேன். அன்னைக்கு எஞ்சின் தானா நின்னுச்சு. பழக்க தோஷம், கை போய் ஸ்விட்சைத் தள்ளுச்சு. தள்ளினதும் அணைஞ்சிருச்சுன்னு மனசு நம்பிருச்சு. நீங்க வந்து நின்னு சொன்னப்ப வாயைத் திறக்கணும்னு இருந்தேன். வீட்டுல அவ பக்கத்துல..."

அவர் முகத்தில் அன்று நான் படிக்க முடியாமல் விட்டது இதுதான்.

"மேனேஜர்கிட்ட சொல்லவா?" என்று கேட்டார். ஒரு பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்க்கிறார். இவர் சொன்னால் என் பேரில் பாதி பாரம் இறங்கும். கடைக்கு மிஷின்கள் திரும்பி வந்தாலும் வரலாம். இவர் வேலை போகும். வைத்தியம் நிற்கும்.

"வேணாம்" என்றேன். "வயரை நான் மாட்டியிருந்தா நீங்க சோக்கை இழுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது."

சத்தமில்லாமல் அழுதார். இடது கையால் துடைத்துக்கொண்டார், அது இன்னும் பழகவில்லை, மூக்கில் இடித்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு ஒரு சிரிப்பு வந்து தொலைத்தது. அவரும் சிரித்துவிட்டார்.

தம்பியிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவன் நேரே மேனேஜரிடம் போவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேனா? இருக்கலாம். இது என் சோறு.

ஏப்ரல் 9, புதன்

மரம் அறுக்கும் ரம்பம் ஒன்று, விசைத்தெளிப்பான் இரண்டு. கை வேலைக்குத் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தம்பி பேசினான்.

மத்தியானம் ஒரு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிறது, நிற்கிறது. மறுபடி ஓடுகிறது, நிற்கிறது. என்ன கோளாறு என்று திரும்பினால் கோளாறு ஒன்றுமில்லை, ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் வழக்கம், கடைசியில் பெட்ரோல் குழாயை மூடிவிடுவான், உள்ளே இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும். வண்டியில் ஏற்றும்போது சிந்தாது. அந்தப் புல்வெட்டியையும் அப்படித்தான் நிறுத்தினான். ஸ்விட்சால் நிறுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இது எனக்கு முதல் நாளே தெரியும். அவனுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "குழாயை மூடினது நான்தானே. கடுதாசியில ஏன் எழுதல?"

"இடம் இல்லடா."

"ஒன்பது வரிதான் எழுதினியாம்."

"பெரிய எழுத்தா எழுதிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் டீயை என் கையில் கொடுத்தான்.

மே 8, வியாழன்

மைதானத்துக்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் மைதானத்துக்கு இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். டீச்சர் சொன்னார். புல் வெட்ட வெளியாள் வருகிறானாம், நாய் கடித்த மாதிரி வெட்டிவிட்டுப் போகிறான் என்று இவர் வாசலில் இருந்தே முணுமுணுக்கிறாராம்.

பிரச்சினை கயிறு. எஞ்சினைக் கிளப்ப வலது கையால் சுண்டி இழுக்க வேண்டும், அந்தப் பிடி இனி இல்லை. இடது கையால் முயன்றிருக்கிறார். கயிறு வலப்பக்கம், உடம்பைத் திருகி இழுத்ததில் தோள் பிடித்துக்கொண்டது.

கயிறு இல்லாமல் கிளப்பலாமே. செல்ஃப் போட்டால்? சாவியைத் திருப்பினால் போதும்.

மே 9, வெள்ளி

தம்பியிடம் கேட்டேன். "அந்த எஞ்சினுக்குச் செல்ஃப் வராதுக்கா, சக்கரத்துல பல் இல்ல" என்றான். பத்து நிமிடம் கழித்து அவனே, "மூலையில கிடக்குற ஓட்டை ஜெனரேட்டர் அதே எஞ்சின்தான். அதுல பல்லு இருக்கு" என்றான்.

மே 15, வியாழன்

புல்வெட்டிக்குச் செல்ஃப் மாட்டித் தருகிறேன் என்று போய்க் கேட்டேன், மேனேஜர் முடியாது என்றார். "நீங்க கை வச்ச மிஷினா? மறுபடியுமா?" அவர் கேட்டதில் தப்பு இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மே 19, திங்கள்

டீச்சர் போன். மைதானத்துக்காரர் நேராக மேனேஜர் அறைக்குள் போய், "அந்த அக்கா மாட்டித் தந்தா நான் ஓட்டுவேன். வேற யாரு மாட்டினாலும் ஓட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசலுக்குத் திரும்பிவிட்டாராம். பேசவே பேசாத மனிதர். மேனேஜர் அசந்துபோய்ச் சரி என்றுவிட்டார்.

"அவரு ஏன் உன்னையே கேக்குறாரு?" என்று தம்பி கேட்டான்.

"தெரியலையே" என்றேன்.

மே 27, செவ்வாய்

பள்ளிக்கூடப் புல்வெட்டியில் பல் வைத்த சக்கரம் பொருந்திவிட்டது. அதற்கு அடியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுருளும் மாட்டிவிட்டேன். மோட்டாரைத் தாங்கத் தம்பி ஒரு இரும்புத் தகடு வெட்டிக் கொடுத்தான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்கிறது. அவ்வளவுதான், டக்.

மே 28, புதன்

டக்.

மே 29, வியாழன்

எர்த் பிடிக்கவில்லை. தம்பி அந்தத் தகட்டுக்கு ஆசையாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறான், பெயின்ட் மேல் போல்ட் போட்டால் கரண்ட் எங்கே போகும்? உப்புத்தாளால் சுரண்டினேன். சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. "அழகா இருக்கட்டும்னு அடிச்சேன்" என்றான் பாவம்.

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டாப்புக்கு இந்தத் தடவை இரண்டு வயர், இரண்டு வழி. ஒன்று ஸ்விட்சுக்கு. இன்னொன்று இடது கைப்பிடியில் புதிதாக வைத்த நெம்புகோலுக்கு. பிடியை விட்டால் எஞ்சின் அணையும். ஒன்று கழன்றாலும் மற்றது நிறுத்தும். நாக்கில் சொருகுவதோடு விடாமல் திருகும் போட்டேன். நான் சோதித்தேன். பிறகு தம்பி. பிறகு சாப்பாடு கொடுக்க வந்த வீட்டுக்காரரையும் விடவில்லை. மூன்று பேரும் ஆளுக்குப் பத்துத் தடவை அணைத்தோம். "இது ஓடுமா, அணைய மட்டும்தானா?" என்றார் வீட்டுக்காரர்.

ஜூன் 11, புதன்

மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினோம். வாசல் நாற்காலியில் இருந்து எழுந்து வந்தார். மிஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மேல் மூடியைத் தட்டி, "திறங்க" என்றார். திறந்தேன். குனிந்து, கறுப்பு வயர் இரண்டையும் இடது கை விரலால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தலையை ஆட்டினார்.

சாவியைத் திருப்பினார். ஓடியது. பிடியை விட்டார், நின்றது. மறுபடி. ஐந்து தடவை. அவர் மனைவியும் வந்திருந்தார், சற்றுத் தள்ளி மரத்தடியில். ஒவ்வொரு தடவை எஞ்சின் கிளம்பும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது, "முதல் நாள், அரை மணி நேரம் போதும்னு டாக்டர் சொன்னாரு, சொல்லி வைங்க அவருகிட்ட" என்று பொதுவாக மரத்திடம் சொன்னார். நான் அவரிடம் சொன்னேன். அவர் சரி என்றார்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் ஒரு பம்ப்பின் காயிலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன். தெரியாத எண். கை நிறையக் கிரீஸ், தம்பிதான் காதில் வைத்துப் பிடித்தான்.

"அக்கா, நான் மைதானத்துக்காரரு சம்சாரம் பேசுறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கியது. பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது, சீராக. "காலையில ஆரம்பிச்சவரு. அரை மணிங்கறது ரெண்டு மணி நேரம் ஆச்சு. பாதி மைதானம் முடிச்சிட்டாரு, சாப்பிடக் கூப்பிட்டா இந்த வரிசை முடியட்டும்ங்கறாரு. நீங்களே சொல்லுங்க, நிறுத்தமாட்டேங்குறாரு."

"நிறுத்த முடியலையா?" என்று கத்திவிட்டேன். தம்பி போனைத் தவறவிடப் பார்த்தான்.

"மிஷின் நிக்குதுக்கா, அது நல்லாவே நிக்குது. இந்த மனுஷன்தான் நிக்கமாட்டேங்குறாரு."